உச்சந்தலைக்கு ஒளியூட்டிய வீடு

விழாவுக்குத் தலைமை தாங்கி, என் பேச்சையும் சேர்த்துத் தாங்கப் போகும் வணிகர் சங்கத் தலைவர் அண்ணன் தாண்டவராயன் அவர்களே! விழுப்புரம் நகரிலே இந்த மின்விளக்குக் கடையை இன்று திறந்து, திறந்த அன்றே என்னைப் பேச அழைத்து வம்பை விலைக்கு வாங்கியிருக்கும் தம்பி வெங்கடாசலம் அவர்களே! திண்டிவனத்திலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்து, இங்கும் நின்றபடியே கேட்கும் பெரியோர்களே! குலுக்கல் பரிசு உண்டென்று யாரோ சொன்னதை நம்பி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பணிவு இந்த இடத்தோடு முடிகிறது.

வாழ்த்த அழைத்தார்கள், வாழ்த்துகிறேன். கடை வளரட்டும், கல்லா நிறையட்டும்! ஆனால் காலையில் ரிப்பன் வெட்டியதிலிருந்து அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாங்க வந்தவர்கள் வாய் திறந்ததைக் கேட்ட பிறகு, வாழ்த்த வந்த வாய் வசைபாடத் துடிக்கிறதே, நான் என்ன செய்வேன்?

ஒருவர் வந்தார். ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறாராம், அந்த ஓட்டைகளுக்குள் பதிக்க எல்.இ.டி. விளக்கு வேண்டுமாம். "வாட்ஸ் பெரிசா இருக்கறதா குடுங்க" என்றார். கத்தரிக்காய் வாங்க வந்தாரா, விளக்கு வாங்க வந்தாரா? வாட்ஸ் என்பது விளக்கு குடிக்கும் மின்சாரமய்யா! அது எவ்வளவு வெளிச்சம் கொடுக்கும் என்பதை லூமென் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறான். அதைப் படிக்க நேரமில்லை. செல்போனில் நாளெல்லாம் அடுத்தவன் வீட்டு விசேஷம் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது!

இன்னொருவரிடம் மஞ்சள் சாயல் விளக்கைக் காட்டி, "இது வார்ம் ஒயிட்டுங்க" என்றார் வெங்கடாசலம். அவர் பதறிப்போனார். "ஐயையோ, வார்மா? ஏற்கெனவே வெயிலு பேஜாரா கீது. இதையும் மாட்டிக்கினு நான் எங்க போறது? கூலு குடுங்க, கூல் டேலைட்டு!" அடடா, அடடா! அவையோரே, அது நிறத்தின் பெயர். விளக்கைப் போட்டே வீடு குளிருமென்றால் மின்விசிறியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாமே!

மூன்றாவதாக ஓர் அம்மையார். பரவலாக ஒளி தரும் ஃப்ளட் விளக்கைக் காட்டினார்கள். பெயரைக் கேட்டதுமே கையை உதறினார். "ஃப்ளட்டுன்னா வெள்ளந்தானே? வெள்ளம் பூந்து பாயெல்லாம் மெதந்தது போதும். அந்தப் பேரே எங்க வூட்டாண்ட வாணாம்" என்றார்.

என்ன தம்பி, பின்னாலிருந்து சத்தம்? "அப்போ எதத்தான் வாங்கறது?" என்கிறீரா? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இரண்டு சோடா குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் என் அக்கா லூர்துமேரி இருக்கிறார். இதோ, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். சிறு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. ஆனால் எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே அத்தனையும் புரிந்துகொண்டு பதில் பேசுவார். அவருக்குக் காது கேட்காது என்பதே பழகியவர்களுக்கு மறந்துவிடும். அவர் மகன் ஆண்டோ அரும்பாடுபட்டு வீடு கட்டினான். பாதிரியார் வந்து மந்திரித்து, பால் காய்ச்சிக் குடிபோனார்கள். கூடத்துக் கூரை முழுக்க ஓட்டை, ஓட்டைதோறும் விளக்கு! எப்படிப்பட்ட விளக்கு? நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளையலுக்கு மேல் தொங்குமே, நேர்கீழே மட்டும் ஒளி பாய்ச்சும் அந்தக் குறுகிய ஸ்பாட் விளக்கு! "கடை மாதிரி ஜொலிக்கணும் மாமா" என்றான். ஜொலித்தது. எது ஜொலித்தது? தரையில் டைல்ஸ் ஜொலித்தது. வந்தவர்களின் வழுக்கை ஜொலித்தது. முகமோ? கண் இரண்டும் குழி, மூக்கின் நிழல் உதட்டின் மேல். பெற்ற பிள்ளையே பேய் போலத் தெரிந்தான்!

அந்தக் கூடத்தில்தான் அக்கா மகள் வெனிலாவுக்கு நிச்சயதார்த்தம். முண்டியம்பாக்கத்து மாப்பிள்ளை. தங்கமான பையன். சாயங்காலம், கூடம் நிறைய உறவினர். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து, "தட்ட மாத்திக்கலாங்களா சம்பந்தியம்மா, உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார். அக்கா பேசவில்லை. மறுபடி கேட்டார். பேசவில்லை. பழைய வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது அவ்வளவு கலகலப்பாகப் பேசிய பெண்மணி, இப்போது தட்டையே பார்த்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? "புது வூடு வந்ததும் புது பவிசு வந்துடுச்சி. எழுந்திருங்க, போவலாம்" என்றார் தாய்மாமன். வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அக்காவுக்குக் காது கேட்காது என்பது அந்த நேரத்தில் அவர்களுக்கும் நினைவில்லை, எங்களுக்கும் நினைவில்லை.

வாசலில் வேன் ஏறப் போனார்கள். அப்போதுதான் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்து, அக்கா செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். அங்கே ஒரு தெருவிளக்கு. சற்றுத் தள்ளி நின்று முகத்தில் விழும் சாதாரணத் தெருவிளக்கு. "நில்லுங்க! எங்க போறீங்க? என்னா சொன்னீங்க, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!" என்றார். தாய்மாமன் திரும்பினார். "சம்மதமான்னு கேட்டுக்கினே இருந்தோம், நீங்க வாயே தொறக்கலிங்க. இஷ்டம் இல்லாத எடத்துல எதுக்கு?" என்றார். அக்கா அந்த உதடுகளைப் படித்தார். "எனக்கா இஷ்டமில்ல? உள்ள ஒருத்தர் வாயும் தெரியலிங்களே! நீங்க கேட்டதே எனக்குத் தெரியாதே!"

உள்ளே அத்தனை விளக்கும் காலி நாற்காலிகளுக்குக் காவல் காத்தன. வெளியே தெருவிளக்கின் கீழே தட்டு மாற்றினோம்!

கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. எல்லாரும் போன பின் ஆண்டோ கேட்டான். "ஏம்மா, குடி வந்ததுலேருந்து உனக்கு நாங்க பேசறது ஒண்ணுமே புரியலியா? ஏம்மா சொல்லல?" அக்கா சொன்னார், "நீ ஆசையா போட்ட வெளக்கு. அத எப்பிடிடா நல்லால்லன்னு சொல்லுவேன்? நீ பேசும்போதெல்லாம் தலைய ஆட்டிக்கினு இருந்தேன்." தாய்க்குப் பிடிக்க வேண்டுமென்று வீடு கட்டியவன், அந்த வீட்டிலேயே தாயைத் தனியாக்கிவிட்டான். அவன் அழுதான். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

மறுநாள் கூரையை உடைத்தோமா? இல்லை. அதே ஓட்டை, அதே ஒயர். உள்ளே இருந்த குறுகிய விளக்கைக் கழற்றிவிட்டு, கோணம் விரிந்த ஃப்ளட் விளக்கைப் பதித்தோம். ஒளி சுவரில் பட்டுத் திரும்பி முகத்துக்கு வந்தது. இவ்வளவுதான் வேலை! ஒளி எவ்வளவு கோணத்துக்கு விரியும் என்று சொல்ல, பெட்டியின் ஓரத்தில் பீம் ஆங்கிள் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படிக்கச் சோம்பியதற்காக ஒரு பெண்ணின் வாழ்வு தெருவுக்கு வந்து நின்றதே, இது தகுமா?

வெங்கடாசலம் அவர்களே, இந்த மேடையிலே உம்மை ஒன்று கேட்கிறேன். எத்தனை வாட்ஸ் என்று அவர்கள் கேட்கட்டும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீர் கேட்பீரா? புத்தகம் படிக்கும் பிள்ளை உண்டா, கண் மங்கிய பெரியவர் உண்டா, முகம் பார்த்துப் பேசும் மனிதர் உண்டா என்று கேட்பீரா? கேட்டு விற்றால் இது விளக்குக் கடை. கேளாமல் விற்றால், வெறும் பல்புக் கடை!

மாலையிட்ட தலைவருக்கும், மனம் கோணாமல் திட்டு வாங்கிய உங்களுக்கும் நன்றி. வரும் தை மாதம் வெனிலா கல்யாணத்துக்கு அனைவரும் வாருங்கள். மைக்செட் தம்பி, மைக்கை நிறுத்திவிடு. விடைபெறும் வணக்கத்தை என் அக்காவுக்கு மட்டும் ஓசையில்லாமல் சொல்லப் போகிறேன். கேட்கவில்லையே என்று கோபித்துக்கொண்டு யாரும் எழுந்து போய்விடாதீர்கள். என் முகத்தைப் பாருங்கள்.