படத்தில் இருப்பது பாலம்

ரிஸ்னா: பொறு, பொறு... இது ஆருடி? "நெட்போல் அணித் தலைவி"யா? நீ எப்ப பந்தத் தொட்ட?

சிந்துஜா: ஐயோ... அது நம்ம சீனியர் நிரஞ்சனி அக்காவோடது. வேல தேடுற சைட்ல அவங்க ப்ரொஃபைலப் பாத்துத்தான் கொப்பி பண்ணேன். அந்த ஒரு வரிய அழிக்க மறந்துட்டேன்.

ரிஸ்னா: மறந்துட்டு அத்தன கம்பனிக்கும் அனுப்பீக்கிற!

சிந்துஜா: சிரிக்காதடி. ஒனக்கென்ன, ட்ரெய்னிங் எடம் கெடச்சிருச்சு. வர்ற வெள்ளிக்குள்ள எனக்கு ஒன்னு கெடைக்கலைன்னா, அடுத்த வருசம் ஜூனியர் புள்ளைங்களோடதான் போகணும்.

ரிஸ்னா: அதுக்குத்தானே கென்டீன்ல தேத்தண்ணிய ஆறவிட்டு ஒக்காந்தீக்கிறம். சரி, நிரஞ்சனிய அழிச்சாச்சி. சிந்துஜா எங்க? "துடிப்பான, சவால்களை விரும்பும் பொறியியல் மாணவி"... இது ஆரு? எனக்குத் தெரிஞ்ச சிந்துஜா, லெக்சர்ல சேர் கேள்வி கேட்டா முன்னால இருக்கிறவன்ட முதுகுக்குப் பின்னால ஒளியிறவ.

சிந்துஜா: எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க.

ரிஸ்னா: எல்லாரும் எழுதினா அவங்க ஏன் ஒன்னக் கூப்பிடணும்? நீ கையால செஞ்சது ஏதும் செல்லு.

சிந்துஜா: ஒன்னுமில்ல.

ரிஸ்னா: பொய். போன லீவு முடிஞ்சி வரக்கொள்ள கையெல்லாம் கொப்புளம். கேட்டா "வீட்டு வேல"ன்ன. என்ன வேல?

சிந்துஜா: ...பைப்பு.

ரிஸ்னா: என்ன பைப்பு?

சிந்துஜா: விடேன். ஏன் இப்படித் துருவுற?

ரிஸ்னா: தெரியாட்டி எனக்கு இன்டக்கி நித்திர வராது. செல்லுடி.

சிந்துஜா: எங்க சந்துக்கே ஒரு பைப்புதான். கீழ வேலாயி அத்த பீப்பாவ வச்சுத் தொறந்துவிட்டா, மேட்டுல கறுப்பையா மாமா வீட்டுல வெறும் காத்துதான் வரும். விடிஞ்சா போதும், சண்ட. நான் வீடு வீடாப் போயி, யாரு எப்ப சமைக்கிறாங்க, எப்ப துவைக்கிறாங்கன்னு கேட்டேன். மேடு எவ்வளவு ஒசரம்னு அளந்தேன். அப்பாவோட சேந்து தோண்டி, நடுவுல வால்வு போட்டேன். காலைல மொதல்ல மேட்டுக்கு, அதுக்கப்புறம் கீழுக்கு.

ரிஸ்னா: வேலாயி அத்த ஒத்துக்கிட்டாங்களா?

சிந்துஜா: எங்க! வாளியத் தூக்கிட்டு அடிக்க வந்துச்சு. மேல இருக்கற அது மக வீட்டுலயும் தண்ணி ஏறுனதும், "ஏன்டி இத மொதல்லயே செய்யல?"ன்னு அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு!

ரிஸ்னா: யா அல்லாஹ்! இத வெச்சிக்கிட்டா நெட்போல் எழுதின? தள்ளு, நான் டைப் அடிக்கிறன். "மஹய்யாவையில், சரிவான ஒரு குடியிருப்பில்..."

சிந்துஜா: அந்தப் பேரு வேணாம்.

ரிஸ்னா: எந்தப் பேரு?

சிந்துஜா: "கண்டி"ன்னு போடு. போதும்.

ரிஸ்னா: கண்டி பெரிய ஊரு. எந்த மேடுன்னு கேப்பாங்களே?

சிந்துஜா: கேட்டாங்கடி. போன மாசம் ஒரு இன்டர்வியூல. எங்க இருக்கீங்கன்னு கேட்டாரு, சொன்னேன். பக்கத்துல இருந்தவரப் பாத்து லேசா சிரிச்சாரு. அடுத்த கேள்வி, அப்பா என்ன வேலன்னு. எங்க மேட்டுல பாதிப் பேரு மாதிரி முனிசிபல்ல ரோடு கூட்டுறாருன்னேன். அவ்வளவுதான். கொங்ரீட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. ராவெல்லாம் படிச்சுட்டுப் போயிருந்தேன்.

ரிஸ்னா: சீ! என்ன மனிசனுகள்.

சிந்துஜா: அன்னையிலருந்து பஸ்ஸுல யாராச்சும் கூட வந்தா, டவுன்லயே எறங்கிருவேன். அப்புறமா தனியா நடந்து வீட்டுக்குப் போவேன்.

ரிஸ்னா: சிரிச்ச ஆளு சிரிச்சிட்டுப் போகட்டும். தண்ணி அந்த மேட்டுலதானே ஏறிச்சி? ஊர ஒளிச்சா, செஞ்ச வேலயையும் சேத்துத்தானே ஒளிக்கிற? போடவா?

சிந்துஜா: வாய் மட்டும் இங்கருந்து வத்தேகம வரைக்கும் நீளம். மொதல்ல ஒன்னோடதக் காட்டு.

ரிஸ்னா: என்ட என்னத்துக்கு? போன்ல சார்ஜ் வேற இல்ல.

சிந்துஜா: என் போன்லயே பாக்குறேன். ரிஸ்னா ஸமீம்... இந்தா. ஏன்டி ஒன் படத்துல பாலம் இருக்கு?

ரிஸ்னா: சிவில் படிக்கிறவ பாலம் வெக்காம பப்பாளியா வெப்பா?

சிந்துஜா: முன்ன ஒன் மூஞ்சிதான இருந்துச்சு? "அழகா இருக்க"ன்னு கூட நான் எழுதினேனே.

ரிஸ்னா: பாலம் என்ன விட வடிவு.

சிந்துஜா: ரிஸ்னா...

ரிஸ்னா: தேத்தண்ணியக் குடி, மேல ஆடை கட்டிப் போச்சி.

சிந்துஜா: சரி. மஹய்யாவன்னே போடுறேன். பாரு, என் கையாலயே அமுக்குறேன்... போச்சு. இனி ஒலகமே பாக்கும். இப்ப நீ சொல்லு. ஏன் பாலம்?

ரிஸ்னா: ஸ்கார்ஃபோட என் மூஞ்சி ஈந்த வரைக்கும் ஒருத்தரும் கூப்பிடல்ல, சிந்து. பாலத்த வெச்சன், அந்தக் கெழமையே கோல் வந்திச்சி. போன்லயே பேசி எடுத்துட்டாங்க. நேர்ல பாத்துட்டு என்ன செல்வாங்களோன்னு நெனச்சி நெனச்சி இன்னும் ஒரு நாளும் ஒழுங்காத் தூங்கல்ல... போன எடு. ஜன்னல் பக்கம் வாறன். ஸ்கார்ஃப் நேரா ஈக்கான்னு பாத்து ஒரு படம் எடு.