திரும்பி வராத பத்து

டீ வேணாம் சார். உங்க ஸ்டேஷன் டீயை நான் குறை சொல்லல. கிளாஸ்ல ஒரு பழந்துணி வாடை இருக்கு, அவ்வளவுதான். உங்க ஏட்டு குடிக்கிறாரு, நல்லா இருக்குங்கிறாரு. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி. எங்கம்மா நர்ஸ். டியூட்டி முடிஞ்சு வந்தா குளிச்சிட்டுத்தான் என்னைத் தூக்கணும்னு அடம் பிடிச்சவன் நான். வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

முதல்லேர்ந்து சொல்லுன்னீங்க. சொல்றேன். நேத்து மாதிரி சுத்தி வளைக்க மாட்டேன்.

காட்பாடி ரோட்ல மாடியில எங்க கம்பெனி. சின்னதுதான், எட்டு பேரு. ஆம்பூர் தாண்டி இருக்கற கழிவுத் தண்ணி பிளான்ட்டுக்கு ப்ரோக்ராம் எழுதிக் குடுத்தது நாங்க. சுத்துவட்டாரத்துல தோல் பதனிடற டேனரித் தண்ணியெல்லாம் அங்கதான் வந்து சேரும். தொட்டி அடியில தங்கற சேத்தை ஆளு எறங்கித்தான் வாரணும். அந்தச் சேத்தைக் கிளறுனா ஒரு வாயு கெளம்பும். கம்மியா இருந்தா அழுகுன முட்டை மாதிரி நாறும். ஜாஸ்தியாயிட்டா மூக்கு செத்துடும், வாடையே தெரியாது, நிக்கற ஆளு நின்னபடியே சாஞ்சிடுவான். அதுக்காகத் தொட்டிக்குள்ள ஒரு கருவி வெச்சிருக்கு. வாயு அளவு பத்தைத் தாண்டுனா எங்க ப்ரோக்ராம் ஹார்ன் அடிக்கும். ஆளுங்க ஏறிடணும்.

ஹார்ன் அடிச்சா இன்னொரு விதியும் உண்டு. எங்க கம்பெனிலேர்ந்து ஒருத்தர் நேர்ல போய்க் கருவியப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் திரும்ப எறங்கலாம். அந்த ஒருத்தர் நான்தான்.

நீங்க அந்தத் தொட்டி ஓரம் நின்னிருக்கீங்களா சார்? செத்தவங்களைத் தூக்குன அன்னிக்கு நின்னிருப்பீங்க. நான் மழைக்காலம் பூரா நின்னேன். மேல கொழுப்பு ஏடு மிதக்கும். அதுல மயிரு ஒட்டிக்கிட்டிருக்கும், தோல்லேர்ந்து சீவுன சதைத் துணுக்கு இருக்கும். நடுவுல நீலமா ஒரு தண்ணி, யாரோ வாந்தி எடுத்த மாதிரி. கைக்குட்டையில நீலகிரித் தைலம் ஊத்திக்கிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்து சோப்பு தேஞ்சு போற வரைக்கும் குளிப்பேன். நகத்துக்குள்ள அது இருக்கும். எங்க வீட்டுக்காரி ஹெலன், ஒரு வாடையும் இல்லீங்க, உங்களுக்குத்தான் பிரமைம்பா. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்னு எனக்குத் தெரியாதா.

அந்தத் தொட்டியில மேஸ்திரி இருதயராஜ். நல்ல மனுஷன், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஹார்ன் அடிச்சு என் ஃபோன் கெடைக்கலன்னா பஸ் புடிச்சு ஆபீசுக்கே வந்துடுவாரு. அதான் பேஜார். வந்து என் எதுர நாற்காலியில உக்காருவாரு. "சார், மின்னெல்லாம் மூக்க நம்பி எறங்குவோம். இப்ப உங்க ஹார்ன நம்பி எறங்குறோம். அது அடிக்காத வரிக்கும் பயமில்ல சார்" அப்படிம்பாரு. தண்ணி கேப்பாரு. எங்க ஆபீஸ்ல ப்ரோக்ராமைச் சரிபாக்கற பொண்ணு பிரிஸ்கில்லா, அணைக்கட்டுப் பக்கத்து ஊரு, எல்லாரும் குடிக்கற டம்ளர்லயே ஊத்திக் குடுக்கும். "குடிங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க"ம்பா. அவரு போனதும் அந்த டம்ளரை நான் தூக்கிப் போட்டுடுவேன். நாற்காலியையும் ஒரு நாள் மாத்திட்டேன். ஜாதி பாத்து இல்ல சார். எங்க வீட்ல அந்தப் பழக்கமே கெடையாது. அவரு மாதா கோயிலு, நாங்க வேற சர்ச்சு, ஆனா சாமி ஒண்ணுதானே. வாடைதான் எனக்கு ஒத்துக்கல.

ஒரு தரம் ஸ்வீட் டப்பாவோட வந்தாரு. மகளுக்குப் புதுநன்மையாம், கோயில்ல மொத தடவை நன்மை வாங்கற விசேஷம். "மொத ஸ்வீட்டு உங்களுக்குத்தான் சார், உங்க புண்ணியத்துலதான் அப்பன்காரன் உசுரோட இருக்கேன்"னாரு. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன், நல்லா இரும்மான்னு சொல்லச் சொன்னேன். மரியாதையில நான் குறை வெச்சதே இல்ல. அவரு படி எறங்குனதும் டப்பாவைக் குப்பைக் கூடையில போட்டேன். பிரிஸ்கில்லா எழுந்து வந்தா. கூடையிலேர்ந்து எடுத்தா. என் எதுரயே நின்னு ஒண்ணு எடுத்து வாயில போட்டு மென்னா. எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. இப்ப நெனச்சாலும் வருது.

இப்ப மெயில் விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, உங்க ஆளு தப்பா எழுதியிருக்காரு.

நாங்க எழுதற ப்ரோக்ராம் எல்லாம் ஒரு பொது எடத்துல இருக்கும். யாரு எந்த வரியை மாத்துனாலும் பழசும் புதுசும் அங்க பதிவாயிடும். பிரிஸ்கில்லாதான் கேட்டா, "சார், உசுரு சம்பந்தப்பட்ட ப்ரோக்ராமு. யாராவது ஒரு எண்ணை மாத்துனாக்கூட எல்லாருக்கும் மெயில் போகணும். யாராவது வேணாம்னு பதில் போட்டா அது பிளான்ட்டுக்குப் போகக் கூடாது"ன்னு. நல்ல யோசனை. நானே செஞ்சு குடுத்தேன். மாத்தம் பண்ணா உடனே மெயில். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் யாரும் தடுக்கலன்னா பிளான்ட்டு கம்ப்யூட்டருக்குத் தானா ஏறிடும்.

மெயில் ஒழுங்காப் போகுதான்னு டெஸ்ட் பண்ணணும் இல்லியா. அதுக்கு நிஜமாவே ஒரு வரியை மாத்தித்தான் பாக்கணும். நான் எடுத்துக்கிட்ட வரி ஹார்ன் அடிக்கற அளவு. பத்தை நூறுன்னு மாத்துவேன், மெயில் போகும். சாயங்காலத்துக்குள்ள நூறைத் திரும்பப் பத்தாக்குவேன், இன்னொரு மெயில் போகும். தலைப்புல 'டெஸ்ட், கண்டுக்க வேணாம்'னு போட்டுடுவேன். இதுல என்ன சார் தப்பு? உலகத்துல எல்லா கம்பெனியிலயும் அப்படித்தான் டெஸ்ட் பண்றாங்க.

முதல் நாள் பிளான்ட்டு இன்ஜினியர் சுந்தரமூர்த்தி பதறிட்டாரு. "இன்னா சார் இது, நூறுன்னு வருது? நூறுல ஆளு பொணமாய்டுவான் சார்" அப்படின்னாரு. டெஸ்ட் சார், தலைப்பைப் பாருங்கன்னேன். ரெண்டாவது நாளும் ஃபோன் பண்ணாரு. அப்புறம் பண்ணல. எங்க பசங்க அந்த மெயில் வந்தா தொறக்காமலே அழிக்க ஆரம்பிச்சாங்க. காலையில நூறு, சாயங்காலம் பத்து, தெனம் ரெண்டு மெயில். ஒரு மாசம் போல பண்ணேன். அவ்வளவு நாள் எதுக்குன்னு நேத்து கேட்டீங்க. நான் எதையும் அரைகுறையா விடற ஆள் இல்ல.

நடுவுல மழை விட்டு வெயில் ஏறிச்சு. அப்பதான் வாயு ஜாஸ்தி கெளம்பும். ஹார்ன் தெனம் அடிச்சுது. தெனம் நான் போனேன். ஒரு நாள் தொட்டி ஓரம் வழுக்கிச்சு. இருதயராஜ் ஓடி வந்து என் கையைப் புடிச்சாரு. முழங்கை வரைக்கும் சேறு அவருக்கு. புடிக்கலன்னா நான் உள்ள போயிருப்பேன், அது நிஜம். "பாத்து சார், எங்களுக்குப் பழக்கம், உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்"னு சிரிச்சாரு. என் சட்டையில அவரு விரல் அஞ்சும் பதிஞ்சிருந்துச்சு. அந்தச் சட்டையை வழியிலயே கழட்டிப் பாலாத்துல வீசிட்டு, பனியனோட காரோட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

மறுநாள் சனிக்கிழமை. காலையில வழக்கம் போல பத்தை நூறு ஆக்குனேன். என் பேர்லதான் பண்ணேன். மெயில் எல்லாருக்கும் போச்சு. சுந்தரமூர்த்திக்கும் போச்சு. யாரு மாத்துனது, எந்த வரி, பழசு என்ன, புதுசு என்ன, எல்லாம் அதுல தெளிவா இருக்கு. நான் எதையும் ஒளிக்கல சார். ஒளிக்கறவன் ஊருக்கே மெயில் போடுவானா? படிக்க வேண்டியவங்க படிக்கல. சாயங்காலம் திரும்பப் பத்தாக்கல, அவ்வளவுதான். ஆறு மணிக்கு அது தானா ஏறிடுச்சு.

நேத்து இதோட நிறுத்திட்டேன். மிச்சத்தை இப்ப சொல்றேன்.

அந்தப் பொண்ணு பிரிஸ்கில்லா நேத்துலேர்ந்து உங்க பெஞ்சுல உக்காந்து, "பத்துன்னு எனக்கு மெயில் வந்துச்சு சார், நான் பாத்தேன் சார்"னு ஒரே பேச்சு பேசிக்கிட்டிருக்கா. தன் மேல தப்பு வரக் கூடாதுன்னு பொய் சொல்றான்னு உங்க ஏட்டு சொன்னாரு. அது பொய் இல்ல. அவ ஒருத்திதான் ஒவ்வொரு மெயிலையும் படிச்சுக்கிட்டிருந்தா. காலையில நூறு வந்தா சாயங்காலம் பத்து வருதான்னு காத்துக்கிட்டிருப்பாளாம். எனக்கே தெரியாது. அன்னிக்கு அஞ்சரை மணிக்கு ஃபோன் பண்ணா.

"சார், காலையில நூறு வந்துச்சு. பத்து இன்னும் திரும்பி வரல சார். நான் வேணாம்னு பதில் போட்டுடட்டா?"

"மெயில் லேட்டாகுதும்மா. வரும், பாரு"ன்னேன்.

"திங்கக்கிழமை இருதயராஜ் அண்ணன் ஆளுங்களோட எறங்குறாராம் சார். அதான் பயமா இருக்கு."

"டெஸ்ட்தான்மா. நான் இருக்கேன் இல்ல"ன்னு வெச்சிட்டேன்.

வெச்சிட்டு, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் 'பத்து'ன்னு போன மெயிலை எடுத்தேன். தேதியை மட்டும் மாத்தி, மெஷின் அனுப்பற மாதிரியே அவளுக்கு மட்டும் அனுப்பிச்சேன். ப்ரோக்ராமுல நூறு நூறாவே இருந்துச்சு. "வந்துடுச்சு சார், சாரி சார், தொந்தரவு பண்ணிட்டேன்"னு பதில் போட்டா. பரவால்லம்மான்னு நானும் போட்டேன். திங்கக்கிழமை சேதி வந்ததும் அந்த மெயிலையெல்லாம் அவ பெட்டியிலேர்ந்தும் அழிச்சேன், கம்பெனி மெயில் பூரா என் கையிலதான் இருக்கு. பாவம், அவ மேல எந்தத் தப்பும் இல்ல. வீட்டுக்கு அனுப்பிடுங்க.

திங்கக்கிழமை இருதயராஜ் எறங்கிக் கிளறியிருக்காரு. ஹார்ன் அடிக்கல. அடிக்காத வரிக்கும் பயமில்லன்னு அவருதான் சொல்வாரே. அவரு சாஞ்சதும் தூக்கப் போன அவரு ஆளு சாமுவேலும் உள்ளயே விழுந்துட்டான். நான் போனப்ப ரெண்டு பேரையும் மேல கெடத்தியிருந்தாங்க. பிரிஸ்கில்லா எனக்கு மின்னயே வந்து, இருதயராஜ் தலையை மடியில வெச்சு, வாயில இருந்த சேத்தைத் துப்பட்டாவால தொடச்சிக்கிட்டிருந்தா. நான் கைக்குட்டையை எடுக்கல சார், மரியாதைக்காக. மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன்.

தெரிஞ்சுதான் செஞ்சேன். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா கொல்லணும்னு செய்யல. ஹார்ன் அடிச்சு நான் அந்த எடத்துக்குத் திரும்பப் போகக் கூடாதுன்னு செஞ்சேன். ஒரு மனுஷனால எவ்வளவு நாள்தான் தாங்க முடியும், நீங்களே சொல்லுங்க.

வெளிய இருதயராஜ் சம்சாரம் மகளைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்கன்னு சொன்னீங்க. மன்னிப்பு கேக்கணும்னா தாராளமாக் கேக்கறேன், எனக்கு அதுல ஒரு வெக்கமும் இல்ல. கையெடுத்துக் கும்புட்டே கேக்கறேன். உள்ள மட்டும் வரச் சொல்லாதீங்க சார். இந்த ஜன்னல் வழியா சொல்லிடறேன்.