அடியில் ஒரே சுரம்

சாயங்காலம் ஆறு மணி. டிசம்பர் மாதம். மியூஸ் ஆற்றின் கரையில், படகு இழுக்கும் குதிரைகள் நடக்கிற பாதை. அன்றைக்குக் குதிரையும் இல்லை, படகும் இல்லை. ஆறு உறைந்து கிடந்தது. அந்தப் பாதையில் ஒருத்தன் மட்டும் தனியாக நடந்து போனான்.

பெயர் செவரென். நம் கஸ்பாருக்கு மச்சினன் முறை. கஸ்பார் வாயைத் திறந்தால் பொய்தான் வரும், அது இந்த நிலக்கரிக் குழியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதைச் சொன்னபோது மட்டும் அவன் சிரிக்கவில்லை. நம்மை மேலே தூக்குகிற கூண்டு எப்போது சரியாகும் என்று மேலே இருக்கிறவர்களுக்கே தெரியாது. விடிகிறவரை நாம் இங்கேதான். விளக்கைக் குறைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

செவரெனும் நம்மைப் போல நிலக்கரி வெட்டினவன்தான். அவன் குழியில் தண்ணீர் ஏறி, மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் அலைந்த பிறகு டவுனில் பெரிய மாதா கோயிலில் ஆர்கன் என்கிற பெரிய குழல் வாத்தியத்துக்குத் துருத்தி மிதிக்கிற வேலை கிடைத்தது. வாசிக்கிறவர் முன்னால் இருப்பார். அதற்கு மூச்சுக் கொடுக்கிறவன் சுவருக்குப் பின்னால், ஒரு இருட்டு அறையில். நான்கு நீளக் கட்டைகள். தலைக்கு மேல் இரும்புக் கம்பி. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டையில் ஏறி நின்றால், அது மெதுவாக இறங்கும். அடியைத் தொடுவதற்குள் அடுத்ததில் கால் வைக்க வேண்டும். ஏறாத படியில் ஏறிக்கொண்டே இருக்கிற பிழைப்பு.

வாசிக்கிறவரை இவன் பார்க்க முடியாது. அவரும் இவனைப் பார்க்க முடியாது. நடுவில் ஒரு சின்ன மணி. ஒரு தரம் அடித்தால் ஏறு. இரண்டு தரம் அடித்தால் இறங்கு. இரண்டாம் தரம் அடிக்காமல் எவனும் இறங்கக் கூடாது. பாட்டு நடுவில் காற்று போய்ச் செத்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் லியேஜ் நகரம் வரைக்கும் எல்லாக் கோயிலுக்கும் சேதி போய்விடும். அப்புறம் எங்கேயும் வேலை கிடையாது.

அன்றைக்கு அவன் கிளம்பும்போதே மனைவி ஒதீலுக்கு வலி எடுத்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு முன் இரண்டு பிறந்தன. இரண்டுமே மூச்சு விடவில்லை.

"எட்டரைக்குள்ள மருத்துவச்சியோட வந்துடு," என்றாள். "இந்தத் தடவ அது மூச்சு விடணும், செவரென்."

பக்கத்து வீட்டு ஓர்தான்ஸ் துணைக்கு வந்திருந்தாள். "நான் இருக்கேன்ல? கதவ மறிச்சுக்கிட்டு நிக்காதே. கரடி மாதிரி நின்னு என்ன பண்ணப்போற?" என்று விரட்டினாள்.

மருத்துவச்சியின் வீடு கோயிலுக்குப் பின் சந்தில். அவளுடைய தங்கைதான் கதவைத் திறந்தாள். அக்கா ரொட்டிக் கடைக்காரர் வீட்டுப் பிரசவத்தில் இருக்கிறாள், எட்டு மணிக்குத் திரும்பிவிடுவாள். "நீயே வந்து கூட்டிட்டுப் போ. ஆத்தோரம் தனியா வரமாட்டா. போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சுக்க இருந்தா."

சரி, எட்டு மணி வரைக்கும் வேலையைப் பார்க்கலாம் என்று செவரென் கோயிலுக்குள் போனான். தப்பு என்று சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அங்கே ஆர்கன் வாசிப்பவர் அன்சியோ. பாரிஸில் படித்தவர். சொந்தமாக இசை எழுதுகிறவர். விரல் நுனி வெட்டின கம்பளிக் கையுறை, காதில் பென்சில், மேலெல்லாம் மெழுகு. வெளியாட்கள் குளிருக்குப் பயந்து ஆர்கன் இருக்கிற மாடிக்கு ஏறி வந்துவிடுகிறார்கள் என்று, சுழல்படிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் பூட்டினார்.

"மெஸ்யூ, வீட்ல வலி எடுத்திருச்சு. எட்டு மணிக்கு நான் போயாகணும்."

"தாராளமா போ. கடைசிப் பகுதி ஒண்ணுதான், கால் மணி நேரம். அடியில ஒரே சுரம் விடாம நிக்கும், அதுக்கு மேலதான் எல்லாம். காத்து நடுங்கினா ஊருக்கே தெரிஞ்சிடும், பாத்துக்கோ."

"பாட்டு எப்படி முடியும் மெஸ்யூ? தெரிஞ்சா நானும் தயாரா இருப்பேன்."

அன்சியோ தலையைச் சொறிந்தார். "அதுதான்யா எனக்கும் தெரியல. மூணு மாசமா முடிவு மட்டும் வரமாட்டேங்குது."

மணி ஒரு தரம் அடித்தது. செவரென் ஏறினான்.

க்ரீச்... தப். க்ரீச்... தப். ஆட்டுத்தோல் நாற்றம், பழைய வஜ்ரப் பசை நாற்றம், எங்கேயோ செத்த எலி. முதலில் அந்த அடிச் சுரம் வந்தது. அது காதில் கேட்கிற சத்தம் இல்லை. கால் எலும்பில் ஏறுகிற சத்தம். மேலே விரல்கள் ஓடின, ஒன்றையொன்று துரத்தின, அழுதன. பிறகு மேலே இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அடிச் சுரம் மட்டும் நின்றது.

மணி அடிக்கவில்லை.

கோபுரக் கடிகாரம் ஏழரை காட்டி ஒலித்தது. ஏழே முக்கால். அந்தச் சுரம் நிற்கவில்லை.

"மெஸ்யூ!"

பதில் இல்லை. இவர்கள் இப்படித்தான். கற்பனை ஏறிவிட்டால் வீடு எரிந்தாலும் தெரியாது. இதோ முடித்துவிடுவார்... இதோ... என்று மிதித்துக்கொண்டே இருந்தான்.

"நானா இருந்தா குதிச்சு ஓடியிருப்பேன்," என்கிறான் இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நம் பெலிக்ஸ்.

நீயா? மேஸ்திரி இருமினாலே முதுகு வளைகிறவன் நீ. பேசாமல் கேள்.

எட்டு மணி அடித்தது. மருத்துவச்சி திரும்பியிருப்பாள். செவரென் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினான். உடனே சுரம் சரிந்தது. தூக்கத்தில் பிள்ளை முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அவன் நினைப்பதற்கு முன்பே கால் தானாகக் கட்டைக்குத் திரும்பியது. சுரம் மறுபடி நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு கட்டைகள் இறங்குகிற விதம் மாறிவிட்டது. இதுவரை நீளமாக, மெதுவாக இறங்கியவை... இப்போது சின்னச் சின்னதாக, வேக வேகமாக இறங்கின. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஏதோ இழுத்து இழுத்துக் குடிக்கிற மாதிரி. அவனும் அதற்கு ஏற்றபடி மிதித்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. தொடை நடுங்கியது. கத்தினான், கெட்ட வார்த்தை சொன்னான், மாதாவைக் கூப்பிட்டான். எட்டரை. ஒன்பது. வேலை போனால் குளிர்காலம் முழுக்கப் பட்டினி. போகாவிட்டால் ஒதீல் தனியாக... இரண்டுக்கும் நடுவில் கால் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒன்பதே கால் ஒலித்தபோது, "போதும்," என்று வாய்விட்டுச் சொன்னான். இறங்கினான்.

சுரம் உடனே சாகவில்லை. கீழே... இன்னும் கீழே... கரகரத்து, விட்டு விட்டு, இன்னும் கீழே இறங்கியது. பிறகு இல்லை.

அமைதி.

மணி ஒரு தரம் அடித்தது. ஏறு.

அவன் ஏறவில்லை. லாந்தரை எடுத்துக்கொண்டு, அன்சியோவின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிடுகிற கோபத்தில் சுவரைச் சுற்றி முன்பக்கம் வந்தான்.

பெஞ்சு காலி. வாசிக்கும் கட்டைகள் மேல் மூடி போட்டுப் பூட்டியிருந்தது. மெழுகுவர்த்தியைத் தொட்டான். கல் மாதிரி ஆறியிருந்தது. அவன் கண் முன்னாலேயே, மணி இழுக்கிற அந்தச் சின்ன மரக் குமிழ் மெதுவாக வெளியே வந்தது. உள்ளே போனது. பின்னால், அவன் விட்டு வந்த அறையில், மணி ஒரு தரம் அடித்தது.

சுழல்படியில் விழுந்து எழுந்து ஓடினான். கதவு பூட்டியிருந்தது. தட்டினான், உதைத்தான். அந்த ஓக் பலகைக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் உட்காருகிற கோயில், ஒரு ஆள் கிடையாது. கதவை நெம்ப வேண்டுமானால் இரும்பு வேண்டும். இரும்பு இருந்தது துருத்தி அறையில்தான். கைப்பிடிக் கம்பி. திரும்ப அந்தப் படியேறி, அதே அறைக்குள் போய், ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். அத்தனை நேரமும் தலைக்கு மேல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தரம். நின்று, ஒரு தரம். மிரட்டல் மாதிரி இல்லை என்று அவன் கஸ்பாரிடம் சொன்னானாம். கெஞ்சுகிற மாதிரி இருந்ததாம். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் அன்சியோ சத்தியம் செய்தார். "ஏழே காலுக்கு நான் ரெண்டு தரம் அடிச்சேனே! எனக்கு முன்னாடி நீ படி இறங்குற சத்தம் கேட்டுச்சு. கதவத் தெறந்ததும் இருட்டில என்னை ஒரசிக்கிட்டு வெளிய போனே. நீ போயிட்டேன்னு நெனச்சுத்தான் வெளிய இருந்து பூட்டினேன்."

அது மறுநாள். அந்த இரவில், கீலைப் பெயர்த்து, கதவைச் சாய்த்து, மருத்துவச்சியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது.

ஓர்தான்ஸ் வாசலிலேயே நின்றாள். கரடி என்று கிண்டல் செய்தவள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எட்டு மணிக்கே பொறந்துடுச்சு. பையன். பொறந்ததும் ஒரு நிமிஷம் மூச்சு நின்ன மாதிரி இருந்துச்சு, அப்புறம் வந்துடுச்சு. அழல... ஆனா மூச்சு விட்டான், செவரென். நல்லா, சத்தமா, சீரா. ஒரு மணி நேரத்துக்கு மேல என் மடியிலதான் கெடந்தான். பொழச்சுட்டான்னு நான் சூப்பக்கூட அடுப்புல வெச்சேன்..."

"அப்புறம்?"

"ஒம்பதே கால் இருக்கும். திடீர்னு இறங்கிடுச்சு. கீழ கீழ போற மாதிரி ஒரு சத்தம். இத்தன சின்ன நெஞ்சுக்குள்ள அவ்வளவு அடிக்குரல் எப்படி வந்துச்சோ... அவ்வளவுதான்."

மருத்துவச்சி துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப மூடினாள்.

ஒதீல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கோயில் அங்கிருந்து அரை மணி நேர நடை. அவள் அந்த மாடியில் ஒருநாளும் ஏறியதில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று செவரென் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. மருத்துவச்சியிடம்கூட. அவன் கட்டிலருகே மண்டியிட்டு அவள் தோளைத் தொட்டான்.

அவள் திரும்பினாள். அழுதிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கால்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன் இறங்குன?" என்றாள்.