வளையங்கள் நின்ற இடம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கழிவறைதான். பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி. அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்கு ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று பட்டிருக்கிறது. சாப்பிட்ட கையோடு இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், கண்ணுகளா. வயிற்றைப் புரட்டும் சங்கதி சிலது வரும். எனக்கு மட்டும் புரட்டவில்லையா என்ன. இருந்தாலும் நடந்ததை நடந்தபடிதானே சொல்ல வேண்டும்.

என் பெயர் லூர்து. என் வீட்டுக்காரர் பேசில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அக்கா மகதலேனா கல்யாணம் செய்துகொள்ளவில்லை; எங்களோடுதான் இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்தார். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணிக்கு மலச்சிக்கல். இன்று நேற்று வந்ததல்ல. விடிந்ததும் ஜெபமாலையோடு உள்ளே போவார். நான் பசியாறலுக்கு மாவு கரைத்து, தோசை சுட்டு, பாத்திரமும் கழுவி வைத்துவிடுவேன், கதவு திறக்காது. பேசில் பல்கூட விளக்காமல் கே.எல். சென்ட்ரல் வரைக்கும் நடந்துபோய் அங்கே காலைக் கடனை முடித்துவிட்டு வருவார். ஒரு குடும்பத் தலைவன் ஸ்டேஷனில் போய் நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்கு இல்லை.

நான் கதவைத் தட்டுவேன்.

"அண்ணி, இன்னும் ஆகலையா?"

"பேச்சுவார்த்தை நடக்குது லூர்து. அந்தப் பக்கம் இன்னும் கையெழுத்துப் போடல லா."

பேசில் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. கதவுக்கு இந்தப் பக்கம் முக்கல் கேட்கும், நடுவில் மாதா பாட்டு கேட்கும், பிறகு மறுபடி முக்கல். எனிமா கொடுக்கும் ரப்பர் குழாயைக் கழுவி எங்கள் பல் துலக்கும் பிரஷ்களுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார். அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும். வெளியே வந்து மேசையில் உட்கார்ந்ததும் வந்தது என்ன, வராதது என்ன என்று பேசிலிடம் சொல்வார். "இன்னைக்கு ஆட்டுப் புழுக்கை மாதிரிதான் தம்பி." நான் அப்போது சட்டினியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டிருப்பேன். அப்படியே கிண்ணத்தில் திரும்பப் போட்டுவிடுவேன். நாளாக ஆக, அண்ணியின் கை பட்ட தட்டு, டம்ளர், கதவுக் குமிழ், எல்லாவற்றிலும் அந்த வாடை இருப்பதாகவே எனக்குப் பட்டது. டெட்டால் ஊற்றித் தேய்த்தாலும் போகவில்லை.

கிள்ளானில் குடல் அறுவை மருத்துவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் விமலன். சின்ன வயது, பொறுமைசாலி.

"பெருங்குடலை வெட்டி எறிஞ்சிடுங்க டாக்டர்," என்றார் அண்ணி. "வேலைக்கு ஆகாத பெட்டிய ரயில் எதுக்கு இழுத்துகிட்டு ஓடணும்?"

"வெட்டுறது சுலபம் ஆன்டி. வெட்டுன பிறகு நீங்க எப்படி இருப்பீங்கன்னு இப்பவே கணிச்சுச் சொல்லணும். அதுதான் கஷ்டம்."

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். குடல் ஒரு நெடுஞ்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குச் சாலையே ஜாம். எங்கு பார்த்தாலும் லோரி நகராமல் நிற்கும். அவர்களுக்கு வெட்டி எடுத்தால் பெரும்பாலும் நன்றாகிவிடும். வேறு சிலருக்குச் சாலையில் குறையே இல்லை, கடைசியில் இருக்கும் டோல் கேட்தான் திறக்காது. முக்கும்போது விரிய வேண்டிய தசை, விரியாமல் இறுகிக்கொள்ளும். அவர்களுக்குச் சாலையை வெட்டினால், லோரிகள் இன்னும் வேகமாக வந்து மூடின கேட்டில் மோதும். இருந்ததைவிட மோசமாகும்.

"உங்களுக்கு எதுன்னு வளையம் சொல்லும்," என்றார். ஒரு மாத்திரைக்கூட்டுக்குள் பொடிப்பொடி வளையங்கள். அதை விழுங்கிவிட்டு, ஐந்து நாள் கழித்து எக்ஸ்ரே. சாலை நெடுகச் சிதறி நின்றால் ஆபரேஷன். கேட் பக்கம் வந்து குவிந்திருந்தால் ஆபரேஷன் கிடையாது, பயிற்சிதான். அதுவரை இளக்குகிற மருந்தும் கூடாது, கட்டுகிற மருந்தும் கூடாது.

"கைவச்சுப் பார்த்ததுல எனக்கு கேட்தான்னு தோணுது ஆன்டி. இருந்தாலும் வளையம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

"பயிற்சின்னா என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

காலுக்கு அடியில் முக்காலி போட்டு, மூச்சை விட்டு, தசையைத் தளர்த்திப் பழக வேண்டுமாம். தினமும், மாதக்கணக்கில். எங்கே என்று நான் கேட்கவில்லை. வேறு எங்கே, எங்கள் வீட்டுக் கழிவறையில்தான்.

காரில் திரும்பும்போது அண்ணிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "கத்தி இல்லாம முடியும்னா ஆண்டவருக்கு நன்றி சொல்லணும் தம்பி. பயிற்சி பண்ணிட்டுப் போறேன்." காரை ஓட்டிக்கொண்டிருந்த பேசிலும் தலையாட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த என்னை யாரும் கேட்கவில்லை.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை எல்லார் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. போதாததற்கு நான் பார்மசியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். அம்மியில் மாவாக அரைத்தால் தண்ணீரில் கலங்கினதுகூடத் தெரியாது. ஆனால் அண்ணி டாக்டர் சொல்லைத் தாண்டமாட்டார். கஷாயம் என்றால் வேண்டாம் என்பார். இருமல் மிட்டாய்கூடத் தொடவில்லை.

நாங்கள் வருஷா வருஷம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். அங்கிருந்து பாட்டிலில் பிடித்து வரும் தண்ணீர் எங்கள் மாதிரி வீடுகளில் பீடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். தலைவலியா, பரீட்சையா, ஒரு வாய் குடிப்போம். அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. தண்ணீர் என்றும் நினைப்பதில்லை. அந்த ஐந்து நாளும் காலையிலும் மாலையிலும் நான் அண்ணிக்கு அன்னம்மாள் தண்ணீர் கொடுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு வாங்கிக் குடித்தார். "லேசா கசக்குது லூர்து." பாட்டில் பழசு அண்ணி, என்றேன்.

எக்ஸ்ரேயில் வளையங்கள் குடல் முழுக்கச் சிதறி நின்றன. பார்க்கப் பாசிமணி அறுந்து கொட்டினது போல இருந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"நான் நெனச்சதுக்கு நேர்மாறா இருக்கு. ஆன்டி, ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? இருமல் சிரப், எதுவும்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். லூர்து அன்னம்மாள் தண்ணி கொடுத்தா, அதான்."

டாக்டர் சிரித்தார். "அது ஒண்ணும் பண்ணாது ஆன்டி." பிறகு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் தன் கை சொன்னதைத் தள்ளிவைத்துவிட்டு வளையம் சொன்னதை நம்பினார். படித்தவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலை இழுத்து அடியில் தைத்தார்கள். நான் நினைத்தது என்னவென்றால், அண்ணி உள்ளே போவார், வருவார், முடிந்தது. அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

ஆனால் டாக்டர் எச்சரித்தது அப்படியே நடந்தது. அண்ணிக்கு இப்போது வந்ததெல்லாம் தண்ணீராக வந்தது. போக வேண்டும் என்று உட்கார்ந்தால் கேட் திறக்கவில்லை. எழுந்து நடந்தால், தூங்கினால், இருமினால், அதுவாகவே கசிந்தது. பச்சையும் மஞ்சளுமாய், தோலை அரிக்கிற புளித்த நீர். மெத்தையில், நாற்காலியில், கூடத்துப் பாயில். தொடையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. முன்பு ஒரு கதவுக்குப் பின்னால் இருந்த நாற்றம் இப்போது வீடு முழுக்க நடமாடியது. அண்ணி அழுதார். "என்னை மன்னிச்சிடு லூர்து, உனக்குத்தான் எவ்வளவு வேலை." மன்னித்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நான்தான் துடைத்தேன். கோயிலில் எல்லாரும் என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாகப் பேசினார்கள்.

டாக்டர் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றில் பை வைக்கலாம் என்றார். அதுவரைக்கும் ஒன்று முக்கியம் என்று என்னிடம் அழுத்திச் சொன்னார்.

"தண்ணிய உறிஞ்சுறது பெருங்குடல்தான் ஆன்டி. இப்ப அது இல்ல. நெறைய குடிக்கணும், உப்புப் பொடி கலந்து. கொறைஞ்சா கிட்னி போயிடும்."

எனக்குப் புரிந்தது. குடிப்பதுதான் வெளியே வருகிறது. உள்ளே போகாதது வெளியே வராது. இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

"டாக்டர் தண்ணியக் கொறைக்கச் சொல்லிட்டார் அண்ணி," என்றேன். பேசிலிடமும் அதையேதான் சொன்னேன். நாற்பது வருஷமாக நான் சொல்வதை அவர் மறுத்ததில்லை. அண்ணியும் நம்பினார். ஒழுகல் குறைந்தது. மெத்தை காய்ந்தது. அண்ணியின் உதடும் காய்ந்தது.

"ஒரு வாய் கொடு லூர்து. தண்ணி கூடாதுன்னா அன்னம்மாள் தண்ணியாச்சும் கொடேன். அது ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டரே சொன்னார்ல."

பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். குழந்தை மாதிரி சப்பினார். பஞ்சைப் பிடுங்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கடைசி நாட்களில் கேட்பதையும் விட்டுவிட்டார்; கண் செருகிக் கிடந்தார். வயசான உடம்பு, தூங்கட்டும் என்று பேசிலிடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்தபோது படுக்கை விரிப்பு சலவை செய்தது போல வெள்ளையாக இருந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டர் விமலன் சாவு வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் கணிப்பு தப்பாப் போச்சு ஆன்டி. இனிமே இந்த ஆபரேஷன நான் தொடமாட்டேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அந்த அஞ்சு நாள்ல அவங்க எதுவுமே சாப்பிடலையா?"

"இல்லைங்க டாக்டர்," என்றேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பசியாறிட்டுப் போங்க."

அவர் பசியாறவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது, கண்ணுகளா. அந்தப் பிள்ளையின் கை சரியாகத்தான் சொல்லியிருந்தது. அதை அவரிடம் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். தவக்காலம் வந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன். ஒரு டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டேன் சாமி, அவர் மனசு உடைந்து போனார் என்றேன்.

"வேற ஏதாவது இருக்காம்மா?" என்று சாமியார் கேட்டார்.

நான் அவசரப்படவில்லை. நிதானமாக எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.