பொய்யை நம்பிய புரோகிராம்

புக்கிட் ரோத்தானில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்: "நேத்து கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொன்னேன்க்கா."

"என்ன பொய்?"

"என் வீட்டுக்காரர் அதை அப்கிரேட் பண்ணிட்டாரு. எம்பிராய்டரி போடுற பழைய புரோகிராம் திறக்கவே இல்ல. கல்யாணப் பொண்ணோட பிளவுஸ்ல போடுற மயில் பாதியில நிக்குது. அழுகையே வந்துருச்சு."

"அப்புறம்?"

"ரவாங்ல இருக்குற தங்கச்சிக்குப் போன் அடிச்சேன். இது இன்னும் பழைய கம்ப்யூட்டர்தான்னு புரோகிராமை நம்ப வைக்க ஒரு செட்டிங் இருக்காம். மாத்துனேன், திறந்துருச்சு. மயில் அழகா வந்துச்சு."

"வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"அவரு அப்கிரேட் பண்ணதாலதான் மயில் இவ்ளோ அழகாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்கன்னுட்டேன். பாவம்லா, தேத்தண்ணியெல்லாம் போட்டுக் கொடுத்தாரு."