லஸ்ஹருக்கு என் முதல் கையெழுத்து

தலைமையேற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் ஹம்மாதி அவர்களே, மஹ்தியாத் துறைமுகத்துப் பெரியோர்களே, மீன் கழுவிய கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் மஃப்டியில் அமர்ந்து குறிப்பெடுக்கும் காவல்துறைத் தம்பிகளே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும். தம்பிகளே, நிறுத்தியே பேசுகிறேன். ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்!

பத்தாண்டுகளுக்கு முன், பழைய ஆட்சி விழுந்த புதிதில், பள்ளி ஆசிரியை நஸீஹாவாகிய நான் இதே மேடையில் முழங்கினேன். தொழுகை பள்ளிவாசலில் இருக்கட்டும், சட்டம் சபையில் இருக்கட்டும், மதச்சார்பற்ற அரசே நமக்கு வேண்டும் என்றேன். எழுந்தார் லஸ்ஹர். தச்சர், என் அடுத்த வீட்டுக்காரர், இஸ்லாமியக் கட்சியின் ஊர்ச் செயலாளர். "கேட்டீங்களா? இந்த டீச்சரம்மா ஒரு அல்மானிய்யா! மார்க்கத்தையே ஒழிக்க வந்தவ!" என்றார். மதச்சார்பற்றவள் என்ற சொல்லை, இறைவனை மறுப்பவள் என்ற வசவாக்கி என் முகத்தில் எறிந்தார்.

காது மந்தமான ஜிலானி மாமாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. ஜெர்மன்காரிக்கும் நம் அரபியில் ஏறத்தாழ அதே சொல்தானே! "ஏம்ப்பா லஸ்ஹரு, உனக்கென்ன கிறுக்கா? இது நம்ம சாலிஹ் மகப்பா. இவ எப்போ ஜெர்மன்காரி ஆனா?" என்று சண்டைக்கே போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள்! அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள். ஆனால் மறுவாரமே பதினேழு பிள்ளைகளை என் வகுப்பிலிருந்து நிறுத்தினீர்களே! காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தினேனே! மறப்பேனா? மன்னிப்பேனா? மாட்டேன்!

இன்று என்ன கதை? பட்டப்பகலில், பட்டறையில், கையில் இழைப்புளியோடு நின்ற லஸ்ஹரைக் காவல்துறை அள்ளிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆயிற்று. குற்றச்சாட்டு உண்டா? இல்லை. வழக்கு உண்டா? இல்லை. வக்கீல் போய்ப் பார்க்க முடிகிறதா? இல்லை! கேட்டால் மதச்சார்பின்மையைக் காக்கிறார்களாம். அடப்பாவிகளா! நான் வசவு வாங்கிச் சுமந்த சொல், அவர் கையில் விலங்கு பூட்டவா உங்களுக்குக் கிடைத்தது?

என்ன அங்கே முணுமுணுப்பு? சத்தமாகச் சொல்லுங்கள், ரிதா ஐயா!

"அவனுக்கு நல்லா வேணும் டீச்சர்! உங்களைப் பேசாத பேச்சா பேசினான்?"

பேசினார், ஐயா. பேசியதற்குப் பதில் பேச்சுத்தான், பூட்டு அல்ல! தலை மூடாதவளைத் தூற்றியதும் அயோக்கியத்தனம். தாடி வைத்தவனைத் தூக்கிப்போவதும் அயோக்கியத்தனம். இன்று அவருக்காகப் பேசாமல் வாய்மூடி இருந்தால், நாளை உங்களுக்காக வாய்திறக்க யார் மிஞ்சுவார்கள்?

லஸ்ஹரை விடுவிக்கக் கேட்டு, முதல் கையெழுத்தாக என் பெயரைப் போட்ட மனுவை நேற்று அவர் மனைவி மப்ரூகாவிடம் காட்டினேன். கண்கலங்கிவிட்டாள். "அக்கா, உங்க பேரா முதல்ல? அவருக்குத் தெரிஞ்சா வெட்கத்துலயே செத்துப்போயிடுவாரு."

"சாகட்டும்டி. வெளிய வந்து சாகட்டும்" என்றேன்.

நாளை நீதிமன்றத்தில் இந்த மனுவைக் கொடுக்கிறோம். லஸ்ஹரோடு என் சண்டை தீரவில்லை, தீரவும் தீராது. அதை அவர் முகத்துக்கு நேரே, கத்தி, தொண்டை வற்ற நான் போட்டாக வேண்டும். பூட்டிய அறைக்குள் கிடக்கும் மனிதரோடு எப்படி ஐயா சண்டை போடுவது? எனக்கு என் எதிரி வெளியே வேண்டும்!

என் கோபத்தைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஸலாம். பேனா மேசைமேல் இருக்கிறது; எழுந்து வாருங்கள்.