ஆற்றுக்குள் ஒரு கிணறு

கிளிநொச்சி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பாலத்தின் கீழே வெறும் மணலாகக் கிடந்த ஆற்றைக் காட்டி மூத்தவர் சொன்னார்:

"அதுக்குள்ளைதான் எங்கடை மனுசன் கிணறு வெட்டினவர்."

"ஆத்துக்குள்ளையோ அக்கா?"

"ஓம். யாழ்ப்பாணத்திலை நாங்கள் ஆறு எங்கை கண்டம்? குடியேற வந்த நேரம் வெறும் மணல். தோண்டினவுடனை தண்ணி. இறைச்சு மிளகாய் வைச்சம்."

"பிறகு?"

"மாரியிலை ஆறு வந்து எல்லாத்தையும் மூடிப்போட்டுது."

"இப்ப?"

"அந்த ஆத்துத் தண்ணியைத்தான் குளத்திலை மறிச்சு வாய்க்காலாலை விடுகினம். நெல்லு விதைச்சிருக்கிறம். ஆனா இவர் வயல் மூலையிலை இன்னொரு கிணறு வெட்டுறார். வாய்க்காலை நம்பேலாதாம். கிணறு எண்டா வெட்டின இடத்திலை இருக்குமாம்."

"முதல் கிணறு இருந்ததோ?"

"அதைத்தான் நானும் கேட்டனான். அதிலையிருந்து மனுசன் என்னோடை கதைக்கிறேல்லை."